தப்பும் குழாயும் சொல்லித்தந்த இயற்பியல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கலை வேறு, அறிவியல் வேறு என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். இசை நெஞ்சைச் சார்ந்தது, பொறியியல் இயந்திரத்தைச் சார்ந்தது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்கப் புகுவது மணத்தைத் தேடி மலரின் இதழைப் பிய்த்தவன் கதையாகும் என்று சென்ற ஆண்டுப் பட்டிமன்றத்தில் நண்பர் ஒருவர் முழங்கினார். அரங்கு அதிரக் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். ஆனால் வண்டியூருக்குப் பேருந்தில் திரும்புகையில் அக்கருத்து எனக்கு ஒப்பவில்லை. ஏனெனில், நான் வளர்ந்த வீட்டுக்கு இசை என்பதே ஆம்ப்ளிஃபயரையும் ஒயரையும் குழாயையும் கடந்துதான் வந்து சேர்ந்தது.

என் தந்தையார் மைக் செட் தொழிலாளி. சொந்தக் கடை கிடையாது. வாடகைக்கு விடும் கடையொன்றில் நாட்கூலி. காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் பொங்கல், அரசியல் கூட்டம் என்று எதற்கும் அவர்தான் கம்பத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். அழகர் ஆற்றில் இறங்கி வண்டியூருக்கு வரும் சித்திரை மாத நாள்களில் அவர் வீட்டுக்கு வருவதேயில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். ஆகவே, பொறியியல் இசைக்கு என்ன செய்யும் என்ற கேள்வி எனக்குப் பட்டிமன்றத் தலைப்பு மட்டுமன்று. வீட்டுக் கேள்வியும் ஆகும்.

முதலாண்டு ஆய்வகத்தில் சுரமானி என்ற கருவியை நாம் எல்லோரும் கையாண்டிருக்கிறோம். ஒரு மரப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பி, நுனியில் எடைக்கற்கள். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின்மேல் ஊன்றினால், ஒத்ததிர்வு ஏற்படும் நீளத்தில் கம்பிமேல் வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அளவுகளை அட்டவணையில் நிரப்பி, கையொப்பம் வாங்கி வந்துவிடுவோம். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும் என்பது விதி. அந்த விதியை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சும் பெரியவரின் முகம் என் நினைவுக்கு வந்தது.

தப்பு வாசிப்பவர்கள் தொடங்கும் முன் தீ மூட்டுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். எதற்கென்று கேட்டவர் எத்தனை பேர்? மரவளையத்தில் இழுத்து ஒட்டிய தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்கிறது. தளர்ந்த தோலில் அடித்தால் ‘தொப்’பென்று செத்த ஓசை எழும். தீயின் வெம்மையில் ஈரம் வெளியேற, தோல் சுருங்குகிறது, இழுவிசை கூடுகிறது, ஓசை உயர்ந்து கணீரென்று ஒலிக்கிறது. இரு முனையும் இறுகக் கட்டிய உலோகக் கம்பியைச் சூடாக்கினால் நேர்மாறாக நடக்கும். உலோகம் நீண்டு, தளர்ந்து, சுரம் இறங்கும். ஒரே வெப்பம் ஒன்றை ஏற்றவும் மற்றொன்றை இறக்கவும் செய்கிறதே, ஏன் என்று தேர்வில் கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவோம். பெரியவர் சொறிய மாட்டார். மழைக்காலத்தில் தீ எவ்வளவு, பங்குனி வெயிலில் எவ்வளவு, தோலைத் தீயிலிருந்து எத்தனை முழம் தள்ளிப் பிடிப்பது, எப்போது போதும் என்று விரலால் தட்டிப் பார்த்து நிறுத்துவது ஆகிய அனைத்தும் அவருக்குத் தெரியும். அவர் கையில் வெப்பமானி இல்லை. காதுதான் அவருடைய அளவுகோல். அளந்து, திருத்தி, மீண்டும் அளப்பதற்குப் பெயர் பொறியியல் அல்லவென்றால் வேறு எதற்கு அப்பெயர்?

இனி மிருதங்கத்துக்கு வருவோம். இங்கே நமக்குச் சான்று சொல்ல வருபவர் சாதாரணமானவரல்லர், சர் சி. வி. இராமன். 1930-ல் நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் அவர் மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்து, 1920-ல் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டார். 1934-ல் அதை இன்னும் விரிவாக எழுதினார்.

அவர் கண்டது என்ன? இழுத்துக் கட்டிய கம்பியின் மேற்சுரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முழுஎண் மடங்குகளில் அமைகின்றன. அதனால்தான் வீணையில் சுருதி பேசுகிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் கதை வேறு. அதன் அடிப்படை அதிர்வெண் 1 என்றால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14, பின்னர் 2.30. ஒன்றோடொன்று இணங்காத கூட்டம் இது. எனவே வெறுந்தோல் முழவில் தாளம் உண்டு, தெளிவான சுரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவில் கரிய கரணை இருக்கிறது. கல்தூளையும் சோற்றையும் குழைத்து, மெல்லிய படலமாகப் பூசி, தேய்த்து, உலர்த்தி, மீண்டும் பூசிப் பூசி ஏற்றுவார்கள். நடுவில் கனம், விளிம்பை நோக்கி மெலிவு. இந்தக் கனம் தோலின் அதிர்வுகளை இழுத்துச் சீர்படுத்துகிறது. தோலின்மேல் மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோடுகளைக் கொண்டு இராமன் இதனைக் காட்டினார். ஒன்பது வகை அதிர்வுகள் சேர்ந்து ஐந்தே சீரிசைகளுக்குள், அதாவது 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்குக்குள் அடங்கிவிடுகின்றன. தோலைக் கம்பிபோலப் பாட வைத்துவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. மேலைநாட்டு முழவுகளில் இத்தகைய ஏற்பாடு இல்லை என்பதை இராமனே வியந்து குறிப்பிட்டிருக்கிறார்.

இப்படி ஒரு பயன் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து சொன்னவர் இராமன். ஆனால் அந்தப் பயனை உண்டாக்கியவர் யார்? சோற்றையும் கல்லையும் எந்த அளவில் குழைக்க வேண்டும் என்று எத்தனை தலைமுறை வீணடித்துக் கற்றுக்கொண்டிருக்கும்! அவர்கள் பெயர் எந்தப் பாடநூலிலும் கிடையாது. மிருதங்கத்தை வாசித்தவர்களின் படங்கள் சபாக்களின் சுவர்களில் தொங்குகின்றன. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து என்பவரின் பெயரை நான் முதன்முதலில் அறிந்தது, பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலைப் பற்றிப் படித்தபோதுதான். மிருதங்கம் செய்வோரைப் பற்றிய நூல் அது. தோலைத் தொட்டவரை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதே தோலின் நாதத்தை மேடை நடுவே வைத்துப் போற்றிய சமூகம் நம்முடையது. இது அறிவியல் கட்டுரை, இங்கே சமூகத்தை ஏன் இழுக்கிறாய் என்று நண்பர் கேட்கலாம். கரணையை யார் பூசினார் என்று கேளாமல் கரணையின் அதிர்வெண்ணை மட்டும் கணக்கிடுவது பாதிக் கணக்கு என்பது என் எண்ணம்.

அப்படியானால் தப்பு, மிருதங்கத்தைவிடத் தாழ்ந்த கருவியா? மேற்சுரங்கள் இணங்கவில்லை என்றுதானே கண்டோம்? இல்லை. பொறியியல் கற்றுத்தரும் முதற்பாடம், எந்த அமைப்பையும் அது எதற்காக அமைந்ததோ அதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது. மிருதங்கம் ஒரு பாடகரின் சுருதிக்குள் அமர்ந்து வாசிக்கப்பட வேண்டியது. பறை என்ற சொல்லுக்கே அறிவித்தல் என்றுதான் பொருள். திறந்த வெளியில், கூட்டத்தின் இரைச்சலைப் பிளந்துகொண்டு, நான்கு தெருவுக்கு அப்பால் இருப்பவனை எழுந்து வரச்செய்ய வேண்டும். அதற்குக் குழைந்த சுரம் உதவாது. பல அதிர்வெண்களும் ஒரே நொடியில் வெடித்துக் கிளம்பும் கூர்மையான ஓசை வேண்டும். சுண்டுகுச்சியின் மெல்லிய வீச்சும் அடிகுச்சியின் கனத்த அறையும் அந்த வேலையைச் சரியாகச் செய்கின்றன.

மானாமதுரைக் கடத்தைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. இராமேசுவரம் செல்லும் இருப்புப் பாதையில் மதுரைக்கு அருகிலுள்ள அவ்வூரின் மட்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடம் செய்பவரின் சிக்கல் மற்றெல்லாக் கருவியாளரின் சிக்கலையும்விடக் கடினமானது. மிருதங்கத்தின் வாரை இறுக்கலாம். வீணையின் முறுக்காணியைத் திருகலாம். தப்பைத் தீயில் காட்டலாம். சுட்ட மண்ணை என்ன செய்வது? ஈரத்தோடு இருக்கும்போது உள்ளே கல்லும் வெளியே பலகையும் வைத்துத் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குகிறார்கள். பிறகு அது உலர்ந்து சுருங்கும். சூளையில் இன்னும் இறுகும். இவ்வளவு மாற்றமும் நடந்த பின்னர் அது கேட்ட கட்டைக்குச் சரியாக நிற்க வேண்டும். வரப்போகும் சுருக்கத்தை முன்கூட்டியே மனத்தில் கணக்கிட்டு இன்றைய ஈர மண்ணைத் தட்டுகிறார்கள். அவ்வூரில் கடம் செய்த மீனாட்சி அம்மையாருக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. வாசித்தவருக்கு மட்டுமன்றிச் செய்தவருக்கும் பரிசு என்பது நம் நாட்டில் அரிதான செய்தி.

மீனாட்சியம்மன் கோயில் வடக்காடி வீதியில் உள்ள இசைத்தூண்களைப் பார்க்க வெளியூர் நண்பர்களை நாம் அழைத்துப் போகிறோம். ஒரே கல்லில் செதுக்கிய மெல்லிய தூண்கள்; பருமனுக்கும் நீளத்துக்கும் ஏற்ப ஓசை வேறுபடுகிறது. வியக்கத்தக்க வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நண்பர்களுக்குக் கோயிலுக்கு வெளியே தப்புக் காய்ச்சும் மனிதரை நாம் காட்டுவதில்லையே!

செய்பவரைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். கேட்பவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். என் தந்தையாரின் குழாய்க்கு வருகிறேன்.

நாதசுரத்தையும் குழாய் ஒலிபெருக்கியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் அண்ணன் தம்பி. நாதசுரத்தில் சீவாளி சிறிய இடத்தில் மிகுந்த அழுத்தத்தோடு அதிர்கிறது. குழல் மெல்ல மெல்ல அகன்று அணசில் விரிந்து காற்றோடு கலக்கிறது. குழாயில் சீவாளிக்குப் பதில் ஒரு சிறு தகடு. மற்றபடி அதே கதைதான். சிறு பரப்பின் அதிர்வைப் பெருவெளியிடம் நேரே ஒப்படைத்தால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். படிப்படியாக அகன்று ஒப்படைத்தால் வெளி அதை ஏற்றுக்கொள்கிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்காக மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதசுரம் எங்கள் ஊர்த் திருமணங்களில் குழாய் வழியாக ஒலிக்கும்போது, ஒரு கூம்பின் ஓசையை இன்னொரு கூம்பு சொல்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் குழாய்க்கு ஒரு குறை உண்டு. நொடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை அது சரியாகத் தராது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பேச்சில் 100 முதல் 150 வரைதான். பாட்டின் கீழ்ச்சுரங்களும் அந்தப் பக்கமே. மதுரை மண்ணில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் கீழே இறங்கிப் பாடும் இடங்களில், அந்த அடிப்படை அதிர்வு குழாயிலிருந்து ஏறக்குறைய வருவதேயில்லை. பின் எப்படி நாம் அதைக் கேட்கிறோம்? 300, 400, 500 என்ற மேற்சுரங்கள் வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள ஒழுங்கைக் கண்டு, ‘இதன் அடி 100’ என்று நம் மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. பழைய தொலைபேசியும் 300 முதல் 3400 வரைதான் கடத்தியது. அதிலும் தகப்பனார் குரலை நாம் அடையாளம் கண்டோம் அல்லவா? இதை அறிந்த நாள்முதல், தெப்பக்குளத்துப் படியில் அமர்ந்து தொலைவிலிருந்து வரும் குழாய்ப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம், பாதிப் பாட்டைப் பாடகர் பாடுகிறார், மீதியை நான் பாடிக்கொள்கிறேன் என்று தோன்றுகிறது. மலரின் இதழ் ஒன்றுகூட உதிரவில்லை நண்பரே, மணம் கூடியிருக்கிறது.

இன்னொன்று ஊளை. பத்து வயதில் தந்தையாரோடு ஒரு கோயில் மேடைக்குப் போயிருந்தேன். குழாயைத் தெரியாமல் மேடைப் பக்கம் திருப்பிவிட்டேன். காது கிழியும்படி ஒரு சத்தம். அவர் ஓடிவந்து, “குழாயை மைக்கைப் பாத்து வைக்காதடா. அது போட்ட சத்தத்தை அதுவே தின்னுட்டு மறுபடி கக்கும்” என்றார். பின்னூட்டம் என்ற அதிகாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. குழாயின் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் குழாய்க்கே வந்து, சுற்றுக்குச் சுற்று வளர்கிறது; எந்த அதிர்வெண் இந்தச் சுற்றில் தேயாமல் தப்புகிறதோ அது ஊளையாகிறது.

இதே பின்னூட்டத்தைத் தலைகீழாக்கினால் நன்மை விளையும் என்று 1927-ல் கண்டவர் ஹெரால்டு பிளாக் என்ற அமெரிக்கப் பொறியாளர். வேலைக்குப் படகில் போகும்போது தோன்றியதைக் கையிலிருந்த செய்தித்தாளிலேயே குறித்துக்கொண்டாராம். வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை எடுத்து, உள்ளே வரும் ஒலியிலிருந்து கழித்தால் பிழை தானே குறையும். இதைப் படித்தபோது எனக்குத் தம்பூராதான் நினைவுக்கு வந்தது. பாடகர் என்ன செய்கிறார்? தம் குரலைத் தாமே கேட்கிறார், தம்பூராவோடு ஒப்பிடுகிறார். தம்பூராவில் 256, தம் குரலில் 258 என்றால் நொடிக்கு இரண்டு விம்மல்கள் எழுகின்றன. அந்த விம்மல் அடங்கும்வரை குரலை நகர்த்துகிறார். சுருதி சேர்வது என்று நாம் சொல்வது பிழை கழியும் இந்தச் சுற்றைத்தான். அடுத்த முறை கச்சேரிக்குப் போனால், நீண்ட சட்ஜத்தின் தொடக்கத்தில் ஒரு கணம் அந்த நடுக்கம் தோன்றி மறைவதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ராகம் ஏன் கண்ணீர் வரவழைக்கிறது என்பதற்கு இந்தச் சமன்பாடுகளில் விடையில்லை. நான் அதைக் கேட்கவுமில்லை.

இனி, நான் சொல்லத் தயங்கிய செய்தி. தந்தையாருக்கு இப்போது காது மந்தம். இருபத்தைந்து ஆண்டு குழாயடியில் நின்றவர். பேரொலி முதலில் தின்பது 4000 அதிர்வெண்ணை ஒட்டிய உயர்சுரங்களை. ஊளை கிளம்பும் முன் ஒரு மெல்லிய சீழ்க்கை கேட்கும். அதைப் பிடித்துச் சட்டென்று ஒலியைக் குறைப்பதில் அவர் வல்லவர். இப்போது அந்தச் சீழ்க்கை அவருக்கு எட்டுவதில்லை. நான் தொலைவில் நின்று கை காட்ட வேண்டியிருக்கிறது. தமக்குக் கேட்கவில்லை என்பதால் ஒலியைக் கூட்டுகிறார். கூட்டுவதால் காது இன்னும் மந்தமாகிறது. இதுவும் ஊளை போன்ற பின்னூட்டமே.

அவருக்கு நான் கற்ற பொறியியலைக் கொண்டு ஓர் ஆலோசனை சொன்னேன். மின்திறனைப் பத்து மடங்காக்கினால்தான் காதுக்கு ஒலி ஏறத்தாழ இரு மடங்காகத் தெரியும். தொலைவு இரட்டித்தால் திறந்த வெளியில் ஒலி ஆறு டெசிபெல் குறையும். ஆகவே ஒரே கம்பத்தில் எட்டுக் குழாயைக் கட்டி முழு வேகத்தில் அலற விடுவது வீண். கம்பத்தடி வீட்டுக் குழந்தை துடிக்கும், தெருக்கோடிக்குப் பாட்டு விளங்காது. சிறிய பெட்டிகளைத் தெரு நெடுகப் பரவலாக வைத்து மெதுவாக ஒலிக்கச் செய்தால் எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்கும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்றும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றும் 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதையும் எடுத்துக் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “நீ சொல்றது சரிதாம்ப்பா. ஆனா காசு குடுக்குறவரு குழாயை எண்ணித்தானே குடுக்குறாரு?”

எனக்கு விடை தெரியவில்லை. கேட்போர் காது மாறினால் ஒழியக் குழாயின் எண்ணிக்கை குறையாது. அந்தக் காதுக்குப் பழக்கம் தரும் இடம் நம் ஆய்வகமாகவே இருக்கலாம். ஆகவே துறைப் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்: வரும் பருவத்தில் சுரமானிக்குப் பக்கத்தில் ஒரு தப்பையும் வைத்து, சூடேற்றுவதற்கு முன்னும் பின்னும் அதன் அதிர்வெண்ணை மாணவர் அளக்க வேண்டும், அன்று அந்தப் பெரியவரையே விளக்கம் சொல்ல அழைக்க வேண்டும். அவரிடம் போய்க் கேட்டேன். “வாரேன் தம்பி. ஆனா உள்ளுக்குள்ள தீ மூட்ட விடுவாகளா?” என்றார். ஆய்வகத்துக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் இடமிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.